ஒன்பது கைக்குழந்தைகளும் ஒரு சவுக்குக் கட்டையும்

வடிவுக்குப் "பரவாயில்லை" என்ற வார்த்தையைக் கேட்டாலே எரிச்சல் வரும்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் வண்டி பிரேக்குக்குப் போடும் ரப்பர் வளையம் செய்கிற ஒரு சின்ன கம்பெனியில் அவள் ஆறு வருஷம் வேலை பார்த்தாள். அச்சிலிருந்து வருகிற வளையங்களை ஒவ்வொன்றாக அளந்து, சரியானதைப் பெட்டியிலும் தப்பானதைச் சிவப்புத் தட்டிலும் போடுவது அவள் வேலை. ஒரு நாள் சாயங்காலம் லாரி வாசலில் வந்து நிற்கிறது, ஒரு பெட்டி முழுக்க அளவு தப்பியிருக்கிறது. சூப்பர்வைசர் தினகரன் வந்து, "நூலளவுதானம்மா, பரவால்ல, உடு" என்றார். "நீங்க கையெழுத்து போட்டுக் குடுங்க சார், உட்டுடறேன்" என்றாள் வடிவு. தினகரன் கையெழுத்துப் போடவில்லை. பெட்டியும் போகவில்லை. அந்த மாதம் முழுக்க அவர் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை என்பதை அவள் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

நெமிலிச்சேரி எத்திராஜுக்கு அவளைக் கட்டிக் கொடுத்தபோது, பையன் சாது, பெண் கறார், சரியாகிப் போகும் என்று இரண்டு பக்கத்திலும் பேசிக்கொண்டார்கள். எத்திராஜ் சாதுதான். ஆவடியில் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தத்தில் வெல்டிங் வேலை. எங்கேயாவது குரல் உயர்ந்தால் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு டீ குடிக்கப் போய்விடுகிறவன். அவனுடைய அப்பா காலத்தில் அந்தத் தெருவில் எல்லோருக்கும் நிலம் இருந்தது. இப்போது நிலம் இருந்த இடத்தில் வீட்டு மனைகள். தெருவின் மேற்குக் கோடியில் நாலு மாடி அடுக்ககம் ஒன்று, கிழக்குக் கோடியில் வரிசையாக வாடகை வீடுகள், நடுவில் நாற்பது சொந்தக்கார வீடுகள். அடுக்ககத்துக்கு நிலத்தை விற்றவர் எத்திராஜின் பெரியப்பா ராஜசேகரன். விற்ற பிறகும் தெரு தன்னுடையதுதான் என்ற நினைப்பு அவருக்குப் போகவில்லை. தெருவில் குழாய் உடைந்தாலும் அவரிடம்தான் போக வேண்டும், கோயிலுக்கு மேளம் சொல்ல வேண்டுமானாலும் அவரிடம்தான் போக வேண்டும்.

2020 பிப்ரவரி பன்னிரண்டாம் தேதி, புதன்கிழமை, வடிவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஸ்வாதி என்று பெயர் வைத்தார்கள். பிறந்த அன்றைக்குப் போட வேண்டிய ஊசியையும் சொட்டு மருந்தையும் ஆஸ்பத்திரியிலேயே கொடுத்துவிட்டார்கள். அடுத்ததற்கான தேதிகளைத் அந்தப் பக்கத்துக் கிராம சுகாதாரச் செவிலியர் ஜெபா அட்டையில் நீல மையில் எழுதிக் கொடுத்தார். ஆறாவது வாரம்: மார்ச் 25. பத்தாவது வாரம்: ஏப்ரல் 22. பதினாலாவது வாரம்: மே 20. மூன்றும் புதன்கிழமைகள்.

"நாள் தள்ளிப் போடாதீங்கம்மா" என்றார் ஜெபா.

"நான் தள்ள மாட்டேன் சிஸ்டர்" என்றாள் வடிவு.

மார்ச் 24 ராத்திரி ஊரடங்கு என்று டிவியில் சொன்னார்கள். மறுநாள் காலையில் வடிவு குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டு துணை சுகாதார நிலையத்துக்கு நடந்தாள். ரோட்டில் நாய்கூட இல்லை. கதவில் பூட்டு. ஜெபாவின் செல்போனுக்குக் கூப்பிட்டாள். பின்னால் ஒரே சத்தமாக இருந்தது. "எங்க எல்லாரையும் காய்ச்சல் கணக்கெடுக்க அனுப்பிட்டாங்கம்மா. வெளியூர்லேர்ந்து வந்தவங்க லிஸ்ட்டு கையில இருக்கு, வீடு வீடா போயிட்டிருக்கேன். ஊசி எப்பன்னு தெரிஞ்சதும் நானே கூப்பிடறேன்" என்றார்.

வீட்டுக்கு வந்தபோது எத்திராஜ் சொன்னான்: "பத்து நாள் லேட்டானா பரவால்ல வடிவு. ஊரே மூடிக் கெடக்குது."

அவள் அவனைப் பார்த்த பார்வையில் அவன் செருப்பைத் தேடினான். ஆனால் போவதற்கு டீக்கடை எதுவும் திறந்திருக்கவில்லை.

பத்து நாள் ஒரு மாதமானது. ஏப்ரல் 22-ம் போனது. இதற்கிடையில் தெருவுக்கு ஒரு வேலி வந்திருந்தது. பக்கத்துத் தெருவில் கோயம்பேடு மார்க்கெட்டுக்கு மூட்டை தூக்கப் போய்க்கொண்டிருந்த ஒருவரை ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அன்று சாயங்காலமே ராஜசேகரன் இரண்டு தார் டிரம்மைத் தெருமுனையில் உருட்டி வைத்து, அதன்மேல் நீளமாக ஒரு சவுக்குக் கட்டையைப் போட்டு, கீழே முள்ளை வெட்டி அடைத்தார். அரசாங்கம் சொல்லி வைத்ததல்ல, அவராக வைத்தது. பால் வண்டிக்கும் தண்ணீர் லாரிக்கும் மட்டும் கட்டையைத் தூக்குவார்கள். தினமும் காய்ச்சல் கணக்கெடுக்க வரும் ராணி உள்ளூர்ப் பெண் என்பதால் அவளை விடுவார்கள். காவலுக்கு முறை போட்டு நான்கு நான்கு ஆம்பிளைகள்.

ஏப்ரல் கடைசிப் புதன்கிழமை ஜெபா வந்தார். வடிவுக்கு அது அன்று மாலைதான் தெரிந்தது. ஜெபாவே போனில் சொன்னார்.

"காலையில பத்து மணிக்கு ஐஸ் பெட்டியோட வந்தேன்மா. உங்க தெரு அங்கன்வாடியில வச்சுப் போட்டுடலாம்னு. கட்டைகிட்டயே நிறுத்திட்டாங்க. நான் ஆஸ்பத்திரிக்குப் போறவளாம், நோயைக் கொண்டாந்துடுவேனாம். ஒருத்தர் என் வண்டிமேல டெட்டால் தண்ணி ஊத்தினாரு."

"எங்கள ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே சிஸ்டர்."

"கேக்க எங்க உட்டாங்க. வெயில்ல நின்னா மருந்து கெட்டுப் போயிடும். திரும்பிட்டேன்."

வடிவு குழந்தையை எத்திராஜிடம் கொடுத்துவிட்டு நேராகப் பெரியப்பா வீட்டுக்குப் போனாள். ராஜசேகரன் வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே சன்னலோரம் அவருடைய மருமகள் கிருஷ்ணப்பிரியா கைக்குழந்தையோடு நின்றிருந்தாள்.

"பெரிய மாமா, நர்ஸம்மாவ ஏன் திருப்பி அனுப்பினீங்க?"

"வாம்மா. நின்னு கேக்கற மாதிரி கீதே. உக்காரு, சொல்றேன்."

"பரவால்ல" என்று சொல்ல வந்து, "நிக்கறேன்" என்றாள் வடிவு.

அவர் கோபப்படவில்லை. பொறுமையாகத்தான் சொன்னார். "ஊசி போட்டா கொழந்தைக்குக் காய்ச்சல் வருமா, வராதா?"

"வரும்."

"தெனமும் காத்தால காய்ச்சல் கீதான்னு எழுத வராங்களே, அவங்க அத எழுதிக்கினு போவாங்களா, மாட்டாங்களா?"

வடிவு சன்னலோரம் இருந்த கைக்குழந்தையைப் பார்த்தாள்.

"எழுதினா இன்னா ஆவும்? கொழந்தைய ஒரு எடத்துக்கும் உன்ன ஒரு எடத்துக்கும் தூக்கினு பூடுவாங்க. தெரு மொத்தத்துக்கும் தகரம் அடிச்சிருவாங்க. நாப்பது குடும்பம் மாசக்கணக்குல உள்ள கெடக்கணும். அத்தினி பேரையும் நான் பாக்கறதா, உன் ஒரு ஊசியப் பாக்கறதா? போனுல வந்துச்சே, நீ கேக்கல? ஊசி போட்ட கொழந்தைங்களத்தான் மொதல்ல புடிச்சினு போறாங்களாம்."

அந்தக் குரல்பதிவை வடிவும் கேட்டிருந்தாள். எத்திராஜ் அதை மூன்று தரம் போட்டுக் கேட்டிருந்தான். யார் பேசியது, எந்த ஊர் என்று அதில் ஒரு வார்த்தை கிடையாது.

"இன்னொன்னும் சொல்றேன்" என்றார் ராஜசேகரன். "நாளு தவறிப்போன ஊசிய இனிமே போட்டு இன்னா பிரயோஜனம்? எல்லாம் அடங்கட்டும், மொதல்லேர்ந்து போட்டுக்கலாம்."

வடிவுக்கு அதற்குப் பதில் தெரியவில்லை. பதில் தெரியாமல் திரும்பி வந்ததுதான் அவளுக்கு ரொம்பக் குத்தலாக இருந்தது. தேதி தவறக் கூடாது என்று தெரியும். தவறினால் என்ன, எவ்வளவு தவறலாம், ஊசி எதற்கு என்பதெல்லாம் தெரியாது. அட்டையில் இருந்த நீலத் தேதிகளை மனப்பாடமாகச் சொல்வாள், அதில் அச்சடித்திருந்ததைப் படித்ததில்லை.

அன்றைக்கே படித்தாள். படித்துப் புரியாததையெல்லாம் ஒரு பழைய நோட்டில் கேள்வியாக எழுதிக்கொண்டு, மறுநாள் மத்தியானம் ஜெபா சாப்பிடும் நேரம் பார்த்துக் கூப்பிட்டாள். ஜெபா சோறு மென்றுகொண்டே பதில் சொன்னார். வடிவு எழுதினாள்.

அந்த ஒரே ஊசியில் தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரணஜன்னி, கல்லீரலைக் கெடுக்கும் மஞ்சள் காமாலை, மூளைக்காய்ச்சலும் நிமோனியாவும் கொண்டுவரும் ஒரு கிருமி என்று ஐந்துக்கும் மருந்து இருக்கிறது. போட்டால் ஒரு நாள், இரண்டு நாள் காய்ச்சல் வரலாம், அதற்குச் சொட்டு மருந்து தருவார்கள். தேதி தவறிப்போனால் எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் போட வேண்டும். பாதியில் விட்டிருந்தால் முதலிலிருந்து போட வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். சில மருந்துகளுக்கு ஒரு வயதுக்குள் ஆரம்பித்தாக வேண்டும்.

"கொரோனா கொழந்தைங்கள பெருசா ஒண்ணும் பண்றதில்லன்னுதான் இதுவரைக்கும் பாக்கறோம்" என்றார் ஜெபா. "கக்குவான் வந்தா மூணு மாசக் கொழந்தை தாங்காதும்மா. அது ஊரடங்குன்னு வீட்டுல உக்காந்திருக்காது."

"நீங்க வர வேணாம் சிஸ்டர்" என்றாள் வடிவு. "அடுத்த புதன் நாங்க வரோம்."

நாங்க என்று சொல்லிவிட்டாளே தவிர, யார் யார் என்று அப்போது அவளுக்கே தெரியாது. அன்று சாயங்காலம் தெருவில் கிழக்குக் கோடியிலிருந்து ஆரம்பித்தாள். வாடகை வீட்டில் ஜமீலா. நான்கு மாதப் பையன், இரண்டு ஊசி பாக்கி. கணவன் பூந்தமல்லியில் பிரியாணிக் கடையில் வேலை செய்தவன், கடை மூடிக் கிடந்தது. வடிவு சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு ஜமீலா சொன்னாள்: "போலாம்தான்க்கா. ஆனா ஏற்கெனவே எங்க ஊட்டப் பாத்து தெருவே தள்ளி நடக்குது. நான் கட்டையத் தாண்டினா வேற மாதிரி பேசுவாங்க."

"என்னையும்தான் பேசுவாங்க. சேந்து போனா ரெண்டு பேரையும் பேசட்டும்."

ஜமீலா பையனைத் தோளுக்கு மாற்றினாள். "எத்தினி மணிக்கு?" என்றாள்.

மேற்குக் கோடி அடுக்ககத்துக்குள் வடிவு அதுவரை கால் வைத்ததில்லை. இரண்டாவது மாடியில் துணி காயப் போடும் பெண்ணிடம் கைக்குழந்தை இருப்பது தெரியும். கீழே நின்று கூப்பிட்டாள். கனிமொழி திருச்சிக்காரி. ஐடி கம்பெனியில் வேலை, பிரசவ விடுப்பு. குழந்தைக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்த தனியார் கிளினிக் மூடிவிட்டது. ஒன்பது தடுப்பூசிகளின் பெயரை ஒரே மூச்சில் சொன்னாள். போடுவதற்குத்தான் இடமில்லை.

"கவர்மெண்ட்ல போட்டுக்கலாமான்னு தெரியாமதான் இருந்தேங்க. கார்டே வேற மாதிரி இருக்கே" என்றாள் மாடியிலிருந்து.

"கொழந்தை ஒரே மாதிரிதானே கீது" என்றாள் வடிவு. "எறங்கி வாங்க."

ஐந்து நாளில் ஒன்பது பேர் சேர்ந்தார்கள். பத்தாவது கைக்குழந்தை ராஜசேகரன் வீட்டில் இருந்தது. அந்த வீட்டுக் கதவை வடிவு தட்டவில்லை.

எத்திராஜுக்கு விஷயம் தெரிந்தபோது அவன் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். "பெரியப்பா மூஞ்சியில எப்பிடி முழிக்கறது வடிவு? அப்பா போனப்புறம் என்னப் படிக்க வெச்சவரு" என்றான்.

"அவரு உன்னப் படிக்க வெச்சதுக்கு எம்பொண்ணு இன்னாயா பண்ணும்?"

"காய்ச்சல் வந்து தூக்கினு போனா?"

"தூக்கினு போனா கூடப் போறேன். கக்குவான் வந்து தூக்கினு போனா நீ கூடப் போவியா?"

அன்றிலிருந்து புதன் காலை வரை இருவருக்கும் பேச்சு இல்லை.

மே ஆறாம் தேதி காலை ஒன்பது மணிக்கு ஒன்பது பெண்கள் முகக்கவசம் போட்டுக்கொண்டு, ஒருவருக்கொருவர் இடைவெளி விட்டு, கட்டைக்கு முன்னால் வந்து நின்றார்கள். காவலில் இருந்த நான்கு பேரில் இருவருடைய குழந்தைகளே அந்தக் கும்பலில் இருந்தன. அவர்கள் தரையைப் பார்த்தார்கள். ராஜசேகரனுக்கு ஆள் போனது. அவர் வருவதற்குள் வடிவு கட்டைக்கடியில் குனிந்து அந்தப் பக்கம் போய்விட்டாள். மற்றவர்கள் குழந்தைகளைக் கைமாற்றிக் கொடுத்துவிட்டு ஒவ்வொருவராகக் குனிந்து வந்தார்கள். முள் கிழித்து ஒருத்தியின் புடவை ஒரு முழம் போனது.

"போறவங்க திரும்பி வர முடியாது, சொல்லிட்டேன்" என்று பின்னாலிருந்து ராஜசேகரனின் குரல் கேட்டது.

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

பெரிய ரோட்டில் போலீஸ் தடுப்பு இருந்தது. வெயிலில் குடை பிடித்து உட்கார்ந்திருந்த காவலர் எழுந்து வந்தார். "இன்னாம்மா, கும்பலா எங்க? பாஸ் கீதா?"

வடிவு அட்டையை எடுத்து நீட்டினாள். "இதான் பாஸு. மார்ச்சு இருபத்தஞ்சாம் தேதிக்கே குடுத்தது. நாப்பத்திரெண்டு நாள் லேட்டா போயினுகீறோம்."

அவர் அட்டையை வாங்கிப் புரட்டினார். ஒன்பது குழந்தைகளையும் ஒரு பார்வை பார்த்தார். "ஒண்ணாப் போவாதீங்க. ரெண்டு ரெண்டு பேரா போங்க" என்று தடுப்பை நகர்த்தினார்.

துணை சுகாதார நிலையத்துக்கு முன்னால் வேப்ப மரத்தடியில் சுண்ணாம்பால் வட்டம் போட்டு வைத்திருந்தார் ஜெபா. ஒரு நேரத்தில் ஒருத்தர்தான் உள்ளே. ஸ்வாதிக்கு வாயில் இரண்டு விதமான சொட்டு மருந்து, கையில் ஒரு ஊசி, தொடையில் ஒரு ஊசி. தொடை ஊசிக்குக் குழந்தை போட்ட சத்தத்தில் வரிசையில் இருந்த எட்டும் சேர்ந்து அழுதன. கனிமொழி தன் குழந்தையை நெஞ்சோடு ஒரு பையில் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். அவளுடைய கிளினிக் அட்டையை ஜெபா ஒரு வரி விடாமல் படித்துவிட்டு, "ரெண்டாவது வரைக்கும் முடிஞ்சிருக்கு. இன்னிக்கு மூணாவது. அவ்ளோதான்" என்றார். முதலிலிருந்து எல்லாம் மறுபடியும் குத்த வேண்டும் என்று ஒரு மாதமாகப் பயந்துகொண்டிருந்த கனிமொழி அங்கேயே அழுதுவிட்டாள். அரை மணி நேரம் எல்லோரையும் மரத்தடியிலேயே உட்கார வைத்து, யாருக்கும் எதுவும் ஆகவில்லை என்று பார்த்த பிறகுதான் ஜெபா அனுப்பினார்.

திரும்பி வரும்போது மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. கட்டைக்கடியில் இப்போது முள் இரண்டு மடங்காக இருந்தது. குனிந்தும் போக முடியாது. உள்ளே ராஜசேகரன் பிளாஸ்டிக் நாற்காலியில். அவருக்குப் பின்னால் பாதித் தெரு.

"பதினாலு நாளு பள்ளிக்கூடத்துல தங்கிக்கோங்க" என்றார். "சாவி வாங்கி வெச்சிருக்கேன். சாப்பாடு நான் அனுப்பறேன். ஒரு கொறையும் இருக்காது."

"கொறை இருக்காதுன்னு தெரியும் மாமா. நாங்க எங்க ஊட்டுக்குப் போறோம்."

"தெருவோட நல்லதுக்குச் சொல்றேன்."

"இந்த ஒன்பதும் எந்தத் தெருவு?" என்றாள் வடிவு. "நீங்க வேலி போட்டது வியாதி வரக் கூடாதுன்னு. சரி. ஊசிய உள்ள வர உடாம வெச்சா எத்தினி வியாதிக்கு வேலியத் தொறக்கறீங்க தெரியுமா? அஞ்சு. பேரு சொல்லட்டா?"

வெயில் மண்டையைப் பிளந்தது. குழந்தைகள் பசியில் கத்த ஆரம்பித்தன. வடிவு ஸ்வாதியைக் கனிமொழியிடம் கொடுத்தாள். ஒரு குழந்தை பையில் இருந்ததால் கனிமொழிக்குக் கை இரண்டும் காலியாக இருந்தன. வடிவு புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கட்டையின் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினாள். பச்சைச் சவுக்கு. அரை அடி எழும்பி மறுபடி டிரம்மில் விழுந்தது. மறு முனையில் காவல்காரர்கள் கை வைத்திருந்தார்கள். அவள் இன்னொரு தரம் தூக்கினாள். பிரசவமாகி மூன்று மாதம்கூட ஆகாத வயிறு இழுத்துப் பிடித்தது.

மூன்றாவது தரம் கட்டை லேசாக இருந்தது. பக்கத்தில் எத்திராஜ் நின்றிருந்தான். அவன் எப்போது கும்பலிலிருந்து வந்தான் என்று அவள் பார்க்கவில்லை. அவளைப் பார்க்காமல், மறு முனையைப் பார்த்துக்கொண்டே, "கைய எடுங்கப்பா" என்றான். பிறகு, "பெரியப்பா, ஒத்துங்க. கொழந்த வெயில்ல கீது" என்றான். வாழ்க்கையில் அவரிடம் அவன் சத்தமாகப் பேசிய முதல் வாக்கியம் அது. காவலில் இருந்த இரண்டு அப்பாக்களும் கையை எடுத்தார்கள். கட்டை நிமிர்ந்தது. முள்ளைச் செருப்புக் காலால் தள்ளிவிட்டு ஒன்பது பெண்களும் உள்ளே போனார்கள்.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. காய்ச்சல் என்று ஒன்று பாக்கி இருந்ததே.

சாயங்காலம் ஸ்வாதிக்கு உடம்பு சுட்டது. நூற்றொன்று. ஜெபா கொடுத்த சொட்டு மருந்தைக் கொடுத்து, ஈரத்துணியால் துடைத்துவிட்டாள் வடிவு. தெரிந்துதான் போட்டாள், இருந்தாலும் கையிலிருந்த சின்ன உடம்பு கொதித்தபோது அவள் நோட்டை எடுத்து எழுதி வைத்ததை மறுபடி மறுபடி படித்தாள். எத்திராஜ் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தான்.

மறுநாள் காலையில் கணக்கெடுக்கும் ராணி வந்தாள். கையில் நோட்டு, கழுத்தில் அடையாள அட்டை. தெருவில் இருக்கிற ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் ஆள் நின்றது அவளுக்குத் தெரியாது.

"ஊட்ல யாருக்காச்சும் காய்ச்சல், சளி, இருமல் கீதாண்ணா?"

"இல்லம்மா" என்றான் எத்திராஜ்.

"கீது" என்றாள் உள்ளேயிருந்து வடிவு. குழந்தையோடு வாசலுக்கு வந்தாள். "எங்கொழந்தைக்குக் கீது. நேத்து மத்தியானம் ஊசி போட்டுக்கினு வந்தோம். இதோ கார்டு. ராத்திரி நூத்தியொண்ணு, காத்தால நூறு. எழுதிக்கோ."

எத்திராஜ் கண்ணை மூடிக்கொண்டான். ராணி பேனாவைத் திறந்துகொண்டு தயங்கினாள். "எழுதினா மேல சொல்லணும்க்கா."

"சொல்லு. மறைச்சா நாளைக்கு நெஜமாவே வர காய்ச்சலையும் மறைக்கணும். அட்டையில தேதி கீது, நர்ஸு கையெழுத்து கீது. நாங்க எதுக்குத் திருட்டுத்தனம் பண்ணணும்?"

ராணி எழுதினாள். அங்கேயே ஜெபாவுக்குப் போன் போட்டாள். நாலு வார்த்தை பேசிவிட்டு, காய்ச்சல் என்று எழுதிய இடத்துக்குப் பக்கத்தில் "தடுப்பூசி" என்று சேர்த்தாள். "ரெண்டு நாளைக்கு மேல இருந்தா, இல்ல பால் குடிக்கலன்னா, உடனே கூப்பிடச் சொன்னாங்க" என்றாள்.

அவள் கிளம்பி நாலு வீடு போவதற்குள் ஜமீலா கிழக்கிலிருந்து ஓடி வந்தாள். முதலில் அவள் வீட்டில் கேட்டபோது இல்லை என்று சொல்லியிருந்தாள். "என் புள்ளைக்கும் கீது. அதையும் எழுதிக்கோம்மா" என்றாள், தெரு முழுக்கக் கேட்கிற குரலில். ஒன்பதில் நான்கு குழந்தைகளுக்குக் காய்ச்சல் இருந்தது. நான்கும் நோட்டில் ஏறின.

அன்று முழுக்கத் தெரு தகரத்துக்காகக் காத்திருந்தது. ராஜசேகரன் வராந்தாவை விட்டு எழவே இல்லை. ஆம்புலன்ஸ் வரவில்லை. தகரம் வரவில்லை. சாயங்காலம் நாலு மணிக்கு ஸ்கூட்டரில் ஜெபா மட்டும் வந்தார். கட்டை தூக்கியபடியே இருந்தது. நான்கு வீட்டிலும் போய்க் குழந்தைகளைப் பார்த்தார். வெள்ளிக்கிழமை காலையில் ஸ்வாதி நன்றாகப் பால் குடித்துவிட்டுத் தூங்கினாள். உடம்பு சில்லென்று இருந்தது.

அதற்கப்புறம் ராஜசேகரன் வடிவிடம் பேசவில்லை. இன்று வரைக்கும் இல்லை. எதிரில் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். அவள் மட்டும் ஒவ்வொரு தரமும் நின்று, "மாமா, நல்லா கீறீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் நடப்பாள். பதிலுக்கு அவள் காத்திருப்பதில்லை.

ஜூன் மூன்றாம் தேதி, அடுத்த ஊசிக்குக் கிளம்பியபோது தெருமுனையில் பத்தாவதாக ஒருத்தி நின்றிருந்தாள். கிருஷ்ணப்பிரியா. ஏப்ரல் ஒன்றாம் தேதி போட வேண்டிய மூன்றாவது ஊசியை இரண்டு மாதமாக விட்டிருந்தாள்.

"மாமாகிட்ட கேட்டியா?" என்றாள் வடிவு.

"கேக்கல. போயிட்டு வரேன்னு சொன்னேன்" என்றாள் கிருஷ்ணப்பிரியா. வடிவு அவளுடைய குழந்தைக்கு வெயில் படாமல் முந்தானையை இழுத்து மூடிவிட்டு, "நட" என்றாள்.

ஸ்வாதிக்கு இப்போது ஐந்து வயது முடிந்துவிட்டது. ஐந்து வயது ஊசியைப் போட்டபோது நர்ஸின் கையைத் தட்டிவிட்டாள், பிறகு தானே கையை நீட்டினாள். வடிவு மறுபடி எஸ்டேட்டில் வேலைக்குப் போகிறாள். ஜெபா மாற்றலாகிப் போய்விட்டார். கனிமொழி காட்டுப்பாக்கத்தில் வீடு வாங்கிப் போனாலும், அக்கம்பக்கத்தில் யாருக்குக் குழந்தை பிறந்தாலும் வடிவின் நம்பரைக் கொடுத்துவிடுகிறாள்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, மத்தியானச் சாப்பாட்டு மணியில், தெரியாத நம்பரிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். குழந்தைக்கு லேசாகச் சளி. காய்ச்சல் இல்லை. ஊசி தேதி போன வாரமே வந்துவிட்டது. வீட்டில் எல்லோரும் சளி போகட்டும், இன்னும் ஒரு மாதம் ஆகட்டும் என்கிறார்கள்.

"பால் குடிக்குதா?"

"நல்லா குடிக்குதுங்க."

"லேசான சளிக்கெல்லாம் ஊசியத் தள்ள வேண்டியதில்ல. கூட்டினு போயி நர்ஸ்கிட்ட காட்டு, அவங்க பாத்துட்டுப் போடுவாங்க."

"அவங்க எல்லாரையும் மீறி எப்படிங்க..." என்று இழுத்தாள் அந்தப் பெண்.

வடிவு சாப்பாட்டு டப்பாவை மூடினாள். "இன்னிக்குச் செவ்வாக்கெழம. நாளைக்கு நீயா போறியா, இல்ல நான் லீவு போட்டுக்கினு அங்க வரணுமா? அட்ரஸ் சொல்லு."